தோள் வரை நீளும் கிளவுஸ்

அத்தியாயம் 4

முதல் மூன்று அத்தியாயங்களைத் தவற விட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

என் பெயர் அருள்ராஜ். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் 'கழுகுப் பார்வை துப்பறியும் நிலையம்' நடத்துகிறேன். கழுகுக்கு இடது கண்ணில் மைனஸ் நாலு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் தொலைக்கிற செல்போன், பை, சில சமயம் மாமனார், இவற்றைத் தேடிக் கொடுப்பேன். மற்ற நாட்களில் கல்யாண விசாரணை. பிர்தௌஸ் என் உதவியாளர் என்று போர்டில் எழுதியிருக்கிறது. யாருக்கு யார் உதவி என்பதை ஊர் வேறு மாதிரி சொல்கிறது. ஸ்கூட்டி அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். துப்பறியும் நிபுணர் பின்சீட்டில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு சிந்தனை செய்வார்.

அன்று காலை எங்களைக் கூப்பிட்டவர் ராஜேந்திரன். வேங்கிக்காலைத் தாண்டி இருக்கிற ஒரு தனியார் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட், அதாவது முதலாளி. போன வருஷம் அவர் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொன்னவன் நான். மாப்பிள்ளை தங்கமாக அமைந்துவிட்டதால் என் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. நான் விசாரித்தது பக்கத்து வீட்டுப் பையனை என்பது எனக்கும் பிர்தௌஸுக்கும் மட்டும் தெரியும்.

கல்லூரி வாசலில் பேனர் வைத்திருந்தார்கள். 'மாபெரும் குவாண்டம் அறிவியல் பெருவிழா.' அந்த அறிவியலுக்கு நூறு வயசு ஆனதை உலகமே கொண்டாடுகிறதாம். பேனரில் அணுவின் படம் எலுமிச்சம்பழம் அளவு. கரஸ்பாண்டன்ட் படம் ஆளுயரம்.

"அணுவைக் கண்ணால பார்க்க முடியாதுன்னு படிச்சிருக்கேன் சார். இவரு பக்கத்துல வெச்சா எப்படித் தெரியும்?" என்றாள் பிர்தௌஸ்.

செமினார் ஹாலில் ஆசிரியர்கள் எல்லோரும் சுவரோடு சுவராக நின்றார்கள். நடுவில் ராஜேந்திரன், வெள்ளை வேட்டி, கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து.

"வாய்யா அருள்ராஜ். மூணு மணிக்கு விழா. மெட்ராஸ்லேர்ந்து விஞ்ஞானி அம்மா வந்துக்கினு இருக்காங்க. மெயின் ஐட்டத்தையே எவனோ தூக்கிட்டான்."

"போலீஸுக்குச் சொன்னீங்களா ஐயா?"

"சொன்னா பேப்பர்ல எது வரும்? திருட்டுதான் வரும். குவாண்டம் வருமா?" என்றவர் ஒரு பெண்ணைக் கை காட்டினார். "இவங்கதான் சிந்துஜா, பிசிக்ஸ். பொருளை ஸ்டோர் ரூம்ல வெச்சேன்னு சொல்றாங்க. பூட்டு பூட்டினபடியே இருக்குது. வெச்சாங்களோ, வெக்கவே இல்லையோ, யாரு கண்டா? எடுத்தவன் பேரை நீ மூணு மணிக்கு மேடையில சொல்லணும். அவன் எவனா இருந்தாலும் சரி, மைக்ல மன்னிப்பு கேக்க வெச்சு வெளிய தள்ளுவேன். பேரு வரலன்னா, இந்தம்மா நாளையிலேர்ந்து வர வேணாம்."

சொல்லிவிட்டுப் பந்தல்காரர்களைத் திட்டப் போய்விட்டார்.

சிந்துஜா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"அஞ்சு வருஷமா கௌரவ விரிவுரையாளர் சார். இந்த விழாவை நல்லபடியா நடத்திக் குடுத்தா பர்மனென்ட் பண்றேன்னு ஐயா சொல்லியிருந்தாரு. ஆறு மாசமா ஒரு லேப்ல கெஞ்சி, என் சொந்தப் பொறுப்புல வாங்கினு வந்தேன்."

"என்ன பொருள் மேடம்?"

ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார். மேஜை மேல் ஒரு கறுப்பு வில்லை, பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தம். அவற்றுக்குப் பக்கத்தில் வட்டமாக வெற்றிடம்.

"இங்க ஒரு அலுமினியக் கேன் இருந்துச்சு. உள்ளே திரவ நைட்ரஜன். ஐஸை விடப் பல மடங்கு குளிர்ச்சி. இந்த வில்லையை அதுல நனைச்சா, மேல வெச்ச காந்தம் அந்தரத்துல நிக்கும். குவாண்டம்னா கணக்குலதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாதுன்னு பசங்க நினைக்கறாங்க. அது கண்ணுக்கு நேரா நடக்கறதை ஒரு தடவையாவது அவங்க பார்க்கணும் சார்."

செல்போனில் படம் காட்டினார். கழுத்து ஒடுங்கிய பால் கேன் மாதிரி இருந்தது.

"ஒரே வரியில சொல்லுங்க மேடம், குவாண்டம்னா இன்னா?" என்று கேட்டாள் பிர்தௌஸ்.

"ரொம்ப சின்னப் பொருள் எல்லாம், நாம பார்க்காத வரைக்கும் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். பார்த்தாத்தான் ஏதாவது ஒண்ணா ஆகும்."

"எங்க சார் கேஸும் அதேதான் மேடம். அவர் பார்க்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்."

சிந்துஜா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். அதற்குள் யாரோ கூப்பிட, வெளியே ஓடினார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். "பூட்டு உடையலை. சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மேடம்கிட்ட ஒண்ணு. கரஸ்பாண்டன்ட் கொத்துல ஒண்ணு. அப்ப ரெண்டே பேரு."

"கரஸ்பாண்டன்ட்தான் நம்மைக் கூப்பிட்டவர். கூப்பிட்டவரைச் சந்தேகப்படறது தொழில் தர்மம் இல்லை. அவரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடு."

"அடிச்சிட்டேன். இன்னொண்ணு பாருங்க சார். வில்லையும் காந்தமும் இங்கயே கெடக்குது. திருட வந்தவன் அதை விட்டுட்டு, தானா ஆவியாப் போற பொருளை எடுத்துக்கினு போயிருக்கான்."

"அதாவது அவனுக்குத் தேவை நைட்ரஜன் மட்டும்" என்று குனிந்தபோதுதான், மேஜைக்கடியில் அது கிடைத்தது.

பாலிதீன் கிளவுஸ். ஆனால் சாதாரண கிளவுஸ் இல்லை. விரித்துப் பார்த்தேன், விரித்துக்கொண்டே இருந்தேன். என் விரலில் மாட்டினால் தோள் வரை வந்தது. லேசாக ஈரமாகவும் இருந்தது. திருடனின் வியர்வை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, வாயை வைத்து ஊதினேன். ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு எனக்கு சலாம் வைத்தது.

"பிர்தௌஸ், இவன் லேசுப்பட்டவன் இல்லை. கைரேகை விழக் கூடாதுன்னு மணிக்கட்டோட நிறுத்தலை. தோள் வரைக்கும் போட்டிருக்கான்."

"தோள்ல எல்லாம் ரேகை இருக்குமா சார்?"

கிளவுஸை மடித்துக் கைக்குட்டை வைக்கிற பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். தடயத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்பது என் கொள்கை. அந்தக் காம்பவுண்டுக்குள் கண்ணில் பட்ட முதல் ஆளிடம் காட்டியிருந்தாலே கேஸ் முடிந்திருக்கும். இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. நான் லாட்ஜும் பஸ்ஸுமாக வளர்ந்தவன், பிர்தௌஸ் ஜவுளிக்கடைக் குடும்பம். பால் பாக்கெட்டில் பிறக்கிறது என்று நம்பியவர்கள் நாங்கள்.

"நைட்ரஜன் யாருக்கு வேணும்?" என்று நான் யோசிப்பதற்குள் பிர்தௌஸ் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

"செங்கம் ரோட்டுல புகை ஐஸ்கிரீம் விக்கறாங்க சார். வாயில போட்டா மூக்கு வழியா புகை வரும். அது நைட்ரஜன்தான்."

ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. உள்ளே நாலு வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் கடைக்காரர் தௌஹீத். அவருக்குப் பின்னால், சுவரோரம், படத்தில் பார்த்த அதே கேன்.

இப்படி ஒரு நொடிக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். உடனே தௌஹீத் மங்கலாகிவிட்டதால் மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"ஆட்டம் முடிஞ்சது தௌஹீத். கேனை எடுங்க."

"தாராளமா எடுத்துக்கங்க சார்" என்று அவரே மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடியில் ஒரு செத்த பல்லி இருந்தது. "ரெண்டு வருஷமா இது என் கேன். இந்த வாரம் நைட்ரஜன் வண்டியே வரலை. வியாபாரம் படுத்துடுச்சு."

வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் கண்ணைத் திறந்து எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும்தான் தட்டுப்பாடா?" என்று கேட்டாள் பிர்தௌஸ்.

"எனக்காவது பரவாயில்லம்மா, லாபம் கம்மி, அவ்ளோதான். அந்த வண்டி எனக்கு ஊத்திட்டு நேரா மாட்டுக்காரங்களுக்குத்தான் போவும். அவங்க கஷ்டம் ஜாஸ்தி."

"மாட்டுக்கு எதுக்கு ஐஸ்கிரீம்?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

தௌஹீத் பொறுமையான மனிதர். "ஐஸ்கிரீம் இல்ல சார். சினை ஊசி. காளையோட விந்தை ஒறைய வெச்சு நைட்ரஜன் கேன்லதான் போட்டு வெப்பாங்க. பசு பருவத்துக்கு வந்தா ஊசிக்காரர் பைக்ல கேனைக் கட்டிக்கினு வீட்டுக்கே வருவாரு. நான் பால் வாங்கற வீட்ல எல்லாம் பார்த்திருக்கேன்."

பிர்தௌஸ் மெதுவாகத் திரும்பி என் பாக்கெட்டைப் பார்த்தாள். இரண்டு விரலால் கிளவுஸை இழுத்து மேஜை மேல் போட்டாள். தௌஹீத் ஐஸ்கிரீம் தட்டை வெடுக்கென்று பின்னால் நகர்த்தினார்.

"அய்யய்யோ, அதைக் கீழ எடுங்க சார், சாப்பிடற எடம்! அது ஊசிக்காரங்க போடறது. மாட்டுக்குப் பின்பக்கம் கையை உள்ள விட்டுத்தான் ஊசி போடணும். தோள் வரைக்கும் போவும்."

கடையில் அமைதி. வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தியானத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். நான் காலையில் எந்த இடத்தில் வாயை வைத்து ஊதினேன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

"புதுசா, பழசான்னு இவரைக் கேக்கட்டுமா சார்?"

"கேக்காதே" என்று கிளவுஸைச் சுருட்டி மறுபடி பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

காலேஜ் ஹாஸ்டலுக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று சிந்துஜாவிடம் போனில் கேட்டோம். ஹாஸ்டலுக்குப் பின்னால் கரஸ்பாண்டன்ட்டின் சொந்த மாட்டுக்கொட்டகை என்றார். விழாவுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. பிர்தௌஸ் ஓட்டிய வேகத்தில் கலெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம் போனது என்றே எனக்குத் தெரியவில்லை.

கொட்டகை வாசலில் ஒரு பைக். பின்னால் கட்டிய கேன் ஒன்று. தரையில் அதே மாதிரி இன்னொன்று. குழாயடியில் ஒருவர் முழங்கைக்கு மேலே வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் அருணகிரி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஊசி போடுகிறவர்.

"கீழ இருக்கற கேன் யாருது?" என்றேன், குரலை இறக்கி.

"தெரியலைங்களே. கரஸ்பாண்டன்ட் ஐயாதான் குடுத்தாரு."

"யாரு?"

"ஐயாதாங்க. செவலைப் பசு காளைக்குக் கத்துதுன்னு காலையில போன் பண்ணாரு. வந்தேன். ஹால்ல டெகரேஷனைப் பார்த்துக்கினே என்கூட நடந்தாரு. அந்த ரூமைத் தொறந்தாரு, கேனைப் பார்த்தாரு, கோவம் வந்துடுச்சு. 'யோவ், விஞ்ஞானி வர்ற எடத்துல சினை ஊசி கேனைக் கொண்டாந்து வெச்சிருக்கியே, அறிவிருக்கா? தூக்குய்யா'ன்னாரு. என்னுது இல்லீங்கன்னேன். 'வேற எவனுது? மாட்டு ஆளு இங்க நீ ஒருத்தன்தானே'ன்னாரு. தூக்கிக்கினு வந்துட்டேன். குனிஞ்சப்ப கிளவுஸ் ஒண்ணு அங்கயே விழுந்துடுச்சு போல."

மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர் ராஜேந்திரன். அந்தக் கேனைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறார். அதில் சினை ஊசி தவிர வேறு எதுவும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குவாண்டம் சாமான் என்றால் பொத்தானும் விளக்கும் வைத்து ஃபாரினிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். தானே தூக்கச் சொல்லிவிட்டு, தூக்கியவனைத் தேட என்னை வைத்திருக்கிறார். சரியான ஆளைத்தான் வைத்திருக்கிறார்.

"உள்ள இருந்தது?" பிர்தௌஸின் குரல் மாறியிருந்தது.

அருணகிரி தலையைச் சொறிந்தார். "என் கேன் காஞ்சு போயிருந்துச்சுங்க. இன்னும் ஒரு நாள் போனா அத்தனை ஊசி மருந்தும் செத்துடும். அண்ணாமலையாரே குடுத்தாருன்னு என்னுதுல ஊத்திக்கினேன்." விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு டீச்சரம்மா வேலைங்களா? திருப்பி ஊத்திடறேங்க. மருந்து போனாப் போவுது."

"இருங்க" என்று பிர்தௌஸ் கீழே இருந்த கேனின் மூடியைத் திறந்தாள். மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். கழுத்து வழியாக மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை எழுந்து அவள் கையில் படிந்தது.

"மேடம், ஒரு சொம்பு தேறும்" என்றாள் போனில்.

"ஒரு சொம்பு போதும்!" என்றது மறுபக்கம். அப்புறம் சிந்துஜா அழுகிற சத்தம் கேட்டது.

கேனை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டில் உட்கார, பிர்தௌஸ் மெதுவாக ஓட்டினாள். "திருடன் பேரை மேடையில சொல்லணும் சார்."

"எப்படிச் சொல்றது? அவர் காலேஜ், அவர் மேடை, அவர் மைக்."

"சொல்லலன்னா மேடத்துக்கு வேலை போயிடும்."

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஏதாவது ஒரு பொய்ப் பேரைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்குத்தான் என் வீரம்.

ஹால் நிரம்பியிருந்தது. காலேஜ் பஸ்களில் ஊர் ஊராகப் போய்ப் பெற்றோர்களை ஏற்றி வந்திருந்தார்கள். பாதிப் பேர் தோளில் துண்டு. முன்வரிசையில் மெட்ராஸ் விஞ்ஞானி அம்மா, பக்கத்தில் ராஜேந்திரன்.

சிந்துஜா மேடையேறி, கேனைச் சாய்த்தார். வெள்ளைப் புகை மேஜையை விட்டு வழிந்து தரையில் ஓடியது. வில்லையின் மேல் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். காந்தம் விழவில்லை. அந்தரத்தில் நின்றது. விரலால் ஒரு சுண்டு சுண்டினார். நின்ற இடத்திலேயே சுற்றியது. பசங்க போட்ட சத்தத்தில் பேனர் ஆடியது. துண்டு போட்ட பெரியவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ராஜேந்திரன் காந்தத்தைப் பார்க்கவில்லை. கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பின்வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது, மைனஸ் நாலிலும்.

விஞ்ஞானி அம்மா மைக்கைப் பிடித்தார். "இது காலையில காணாமப் போயிடுச்சாமே? கண்டுபிடிச்சவர் மேடைக்கு வரணும்." பிர்தௌஸ் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஏறினேன். "சொல்லுங்க சார். எடுத்தது யாரு?"

ஹால் மொத்தமும் என்னைப் பார்த்தது. ராஜேந்திரனும் பார்த்தார். விளக்கு முகத்தில் அடித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. பாக்கெட்டில் கை விட்டுக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். மூக்கையும் துடைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர்தான் முதலில் சிரித்தார். அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் துண்டு போட்ட அத்தனை பேரும். என்னவென்று குனிந்து பார்த்தேன். என் மூக்குக்குக் கீழே ஐந்து பாலிதீன் விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், அதைப் பிடித்த கையை அப்படியே முன்னால் நீட்டிவிட்டேன். நேராக ராஜேந்திரன் பக்கம்.

வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் மேடைக்கு ஓடி வந்தார்.

"போதும்யா, போதும்! உள்ள வை!" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடுங்கினார். "பெரியோர்களே, எடுத்தவன் பேரு முக்கியமில்ல. அவன் தெரியாம எடுத்துட்டான். அவன் சார்பா நானே மன்னிப்பு கேட்டுக்கறேன். சிந்துஜா மேடம் இன்னையிலேர்ந்து இந்தக் காலேஜ்ல பர்மனென்ட். விஞ்ஞானி அம்மா சாட்சி!"

பின்னாலிருந்து விசில் அடித்தது அருணகிரி.

சிந்துஜா கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காந்தம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "அஞ்சு வருஷம் சார்" என்றார் என்னிடம்.

பொன்னாடை போர்த்தும் சாக்கில் ராஜேந்திரன் என் காதருகே குனிந்தார். "நான்தான்னு எப்பய்யா கண்டுபிடிச்ச?"

"சாவிக்கொத்தைப் பார்த்ததுமே ஐயா" என்றேன். இந்த அத்தியாயத்தில் நான் பதற்றப்படாமல் சொன்ன ஒரே பொய் அது.

வெளியே வந்தபோது பிர்தௌஸ் ஸ்கூட்டி பக்கத்தில் அருணகிரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் என்னிடமிருந்து கிளவுஸை வாங்கிக்கொண்டு, ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவசரமாகக் கும்பிட்டுப் போனார்.

"கேட்டுட்டேன் சார்" என்றாள்.

"என்னத்தை?"

"புதுசா, பழசான்னு."

"சொல்லாதே பிர்தௌஸ். சொல்லாத வரைக்கும் அது புதுசும்தான், பழசும்தான். மேடம் சொன்ன குவாண்டம் இப்பதான் எனக்குப் புரியுது. அது அப்படியே இருக்கட்டும்."

"சரி சார், சொல்லலை" என்று ஹெல்மெட்டை மாட்டினாள். வண்டியைக் கிளப்பினாள். நான் ஏறக் காலைத் தூக்குவதற்குள் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"நீங்க பஸ்ல வந்துடுங்க சார்."